காய்ச்சல் திரும்பினால் மருந்து தோற்றதா? மலேரியா: வாசகர் கேள்வி பதில்

மலேரியா ஒட்டுண்ணி மருந்துகளிடமிருந்து எப்படித் தப்பிக்கிறது என்று உயிர்வேதியியல் ஆய்வுகள் கண்டறிந்ததைச் சென்ற இதழில் சுருக்கமாகச் சொல்லியிருந்தோம். அதையொட்டி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

என்ற தம்பி போர்வெல் ரிக் வண்டியில சத்தீஸ்கர் பக்கம் வேலை பார்க்கறான். மலேரியான்னு மூணு நாள் குளோரோகுயின் குடுத்தாங்க, காய்ச்சல் நின்னுது. ஊருக்கு வந்து ஒன்றரை மாசத்துல மறுபடியும் குளிர் காய்ச்சல். ரத்தப் பரிசோதனைச் சீட்டுல ரெண்டு தடவையும் 'பி.வி.'ன்னு போட்டிருக்குது. கிருமி மருந்துக்கு அடங்கலைங்களா?
— வாசகர், திருச்செங்கோடு

அநேகமாக அப்படி இல்லை. 'பி.வி.' என்றால் பிளாஸ்மோடியம் வைவாக்ஸ். இந்த இனத்தில் ஒரு பங்கு கல்லீரல் செல்களுக்குள் உறங்கிக் கிடக்கும். குளோரோகுயின் இரத்தத்தில் இருப்பதைக் கொல்லுமே தவிர, கல்லீரலில் உறங்குவதைத் தொடாது. அதற்குத் தனியாகப் பிரைமாகுயின் வேண்டும். உங்கள் தம்பிக்கு அது கொடுக்கப்பட்டதாக நீங்கள் எழுதவில்லை.

ஒன்றரை மாத இடைவெளியும் இதோடு பொருந்துகிறது. குளோரோகுயின் உடம்பைவிட்டு மெதுவாகத்தான் வெளியேறும். ஏறக்குறைய ஒரு மாதம் வரை, கல்லீரலில் விழித்து இரத்தத்துக்கு வரும் ஒட்டுண்ணியை அடக்கும் அளவுக்கு மிச்சம் இருக்கும். அந்த அளவு இறங்கிய பிறகு விழிப்பவைதான் காய்ச்சலாக வெளிப்படும். ஆய்வாளர்கள் 28 நாள் என்று கோடு போடுவது இதனால்தான். அந்தக் கெடுவுக்குள் வைவாக்ஸ் திரும்ப வந்து, அன்றைக்கு எடுத்த இரத்தத்தில் குளோரோகுயினும் அதிலிருந்து உடம்பு உண்டாக்கும் டெஸ்எத்தில்குளோரோகுயினும் சேர்ந்து மில்லிலிட்டருக்கு 100 நானோகிராமுக்கு மேல் இருந்தால், மருந்து இருந்தும் கிருமி பிழைத்திருக்கிறது என்று அர்த்தம். அது எதிர்ப்பு. அளவு குறைவாக இருந்தால், மருந்து சரியாக உள்ளே போகவில்லை என்பதற்கு மேல் ஒன்றும் சொல்ல முடியாது.

சரியாக உள்ளே போகாமல் இருக்க வழிகள் நிறைய. 250 மில்லிகிராம் என்று அட்டையில் போட்டிருக்கும் குளோரோகுயின் பாஸ்பேட் மாத்திரையில் மூலமருந்து 150 மில்லிகிராம்தான். கிலோவுக்கு 10, 10, 5 மில்லிகிராம் என்று மூன்று நாளுக்குச் சொல்லும் கணக்கு மூலமருந்துக்கானது. 60 கிலோ ஆளுக்கு முதல் நாள் 4, இரண்டாம் நாள் 4, மூன்றாம் நாள் 2 மாத்திரை. 250 என்ற எண்ணைப் பார்த்துக் கணக்குப் போட்டால் நூற்றுக்கு நாற்பது பங்கு மருந்து குறைந்துபோகும். மாத்திரை விழுங்கி அரை மணிக்குள் வாந்தி எடுத்தால் அந்த வேளை அளவை முழுதாகத் திரும்பக் கொடுக்க வேண்டும். இதையும் பலர் விட்டுவிடுகிறார்கள்.

பிரைமாகுயின் கிலோவுக்கு 0.25 மில்லிகிராம் வீதம் 14 நாள். 60 கிலோவுக்கு நாளைக்கு 15 மில்லிகிராம். சாப்பிட்ட பிறகு போட்டால் வயிற்றுவலி குறையும். காய்ச்சல் மூன்றாம் நாளே நின்றுவிடும், நாலாம் நாள் ரிக் அடுத்த ஊருக்குக் கிளம்பும், மாத்திரை அட்டை பெட்டியிலேயே கிடக்கும். வழக்கமாகக் கோட்டை விடுவது இங்கேதான். ஒரு எச்சரிக்கை: ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ளவர்களுக்கு இந்த மருந்து சிவப்பணுக்களை உடைத்துவிடும். தொடங்கும் முன் அந்தப் பரிசோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். சிறுநீர் கறுஞ்சிவப்பாகப் போனால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் இது கூடாது.

பருத்திக்கு ஒரே மருந்தைத் திருப்பித் திருப்பி அடிச்சா புழு கேக்க மாட்டேங்குது. நம்ம உடம்பும் அப்படித்தான் மாத்திரைக்குப் பழகிப்போயிடுதுங்களா?
— விவசாயி, தாராபுரம்

பழகுவது உடம்பு அல்ல. உங்கள் உவமையில் உடம்பு என்பது பருத்திக்காடு, மாறுவது புழு. காய்ச்சலோடு வரும் ஒருவர் உடம்பில் நூறு கோடி ஒட்டுண்ணி இருப்பது சாதாரணம். அவற்றில் ஒன்றிரண்டின் மரபணுவில் தற்செயலாக எழுத்து மாறியிருக்கும். மருந்து மற்றவற்றைக் கொன்று அந்த ஒன்றுக்கு இடம் விட்டுக் கொடுக்கிறது, கொசு அதை அடுத்தவருக்கு எடுத்துப் போகிறது. எனவே வாழ்நாளில் மலேரியா மாத்திரையே தொடாதவருக்கும் எதிர்ப்புள்ள கிருமி தொற்றலாம். "நான் மாத்திரை அதிகம் சாப்பிட்டதில்லை, எனக்கு வேலை செய்யும்" என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை.

குளோரோகுயின் எதிர்ப்புக்கு ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியதுதான் காரணம் என்று எழுதியிருந்தீர்கள். ஓர் அமினோ அமிலம் எப்படி ஒரு மருந்தையே வீழ்த்தும்?
— முதுநிலை உயிர்வேதியியல் மாணவி, கோவை

ஒட்டுண்ணியின் சாப்பாட்டிலிருந்து தொடங்க வேண்டும். மலேரியா ஒட்டுண்ணியின் இன்னோர் இனமான ஃபால்சிபாரம், தான் புகுந்த சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபினில் பெரும்பங்கைத் தன் செரிமானப் பைக்குள் இழுத்துச் செரிக்கிறது. புரதம் செரிந்த பிறகு இரும்புள்ள ஹீம் மிஞ்சும். அது ஒட்டுண்ணிக்கே நஞ்சு. எனவே அதை ஹீமோசோயின் என்ற கரையாத பழுப்புப் படிகமாகக் கட்டி வைத்துக்கொள்கிறது. நுண்ணோக்கியில் முதிர்ந்த ஒட்டுண்ணிக்குள் தெரியும் கரும்பழுப்புப் புள்ளி இதுதான்.

குளோரோகுயின் ஒரு வீரியம் குறைந்த காரம். மின்னேற்றம் இல்லாத நிலையில் சவ்வுகளைச் சுலபமாகக் கடக்கும். செரிமானப் பையின் அமிலத்தன்மை பிஹெச் 5-ஐ ஒட்டியது. அங்கே போனதும் இரண்டு புரோட்டான்களை ஏற்று, திரும்பி வர முடியாமல் மாட்டிக்கொள்கிறது. இப்படி வெளியே இருப்பதைப்போல ஆயிரம் மடங்குக்கு மேல் உள்ளே சேர்ந்து, படிகம் வளரும் முகத்தில் ஒட்டி வளர்ச்சியைத் தடுக்கிறது. கட்டப்படாத ஹீம் சவ்வுகளைச் சிதைத்து ஒட்டுண்ணியைக் கொல்கிறது.

அந்தப் பையின் சவ்வில் பிஎஃப்சிஆர்டி என்றொரு கடத்திப் புரதம் உண்டு. 424 அமினோ அமிலங்கள் கொண்டது. மரபணு 7-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. இதுதான் காரணகர்த்தா என்று 2000-இல் தெரியவந்தது. 76-ஆம் இடத்தில் இயல்பாக இருப்பது நேர்மின்னேற்றமுள்ள லைசின். உள்ளே மாட்டிய குளோரோகுயினும் நேர்மின்னேற்றம் கொண்டதால், லைசின் அதை விலக்கித் தள்ளும்; வெளியேற வழி கிடைக்காது. ஏஏஏ என்ற மரபெழுத்து ஏசிஏ ஆனால் லைசின் இருந்த இடத்தில் மின்னேற்றமில்லாத திரியோனின் உட்காரும். தடை போகிறது, மருந்து வெளியே கடத்தப்படுகிறது. மருந்தின் இலக்கான ஹீமை ஒட்டுண்ணியால் மாற்றிக்கொள்ள முடியாது, ஏனென்றால் அது நம் இரத்தத்திலிருந்து வருவது. அதனால்தான் இலக்கை விட்டுவிட்டு வாசலை மாற்றியது. வெராப்பமில் என்ற இரத்த அழுத்த மருந்து இந்த மாறிய வாசலை அடைத்து, ஆய்வகக் குப்பியில் குளோரோகுயினின் வீரியத்தைத் திரும்பக் கொண்டுவருகிறது. எதிர்ப்பு இந்த வாசல் வழியாகத்தானா என்று சோதிக்க இன்றும் இதையே பயன்படுத்துகிறார்கள்.

"ஓர் அமினோ அமிலம்" என்பதை மட்டும் கொஞ்சம் திருத்திக்கொள்ளுங்கள். 76-ஆம் இடம் இன்றியமையாதது, ஆனால் தனியாக வருவதில்லை. 72 முதல் 76 வரையுள்ள ஐந்து இடங்களை, ஓர் அமினோ அமிலத்துக்கு ஓர் ஆங்கில எழுத்தாகச் சேர்த்து வாசிப்பது வழக்கம். இயல்பான வகை சிவிஎம்என்கே. தென்கிழக்கு ஆசியாவிலிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போனது சிவிஐஇடி. இந்தியாவில் அதிகம் காணப்படுவது எஸ்விஎம்என்டி. கூட வரும் மாற்றங்கள், வாசலின் அன்றாட வேலையில் நேரும் குறையை ஈடுகட்டுகின்றன. பிஎஃப்சிஆர்டியின் சொந்த வேலை செரிமானத்தில் கிடைக்கும் சிறு பெப்டைடுகளைக் கடத்துவது. மாறிய வாசல் அதைச் சரிவரச் செய்வதில்லை. மருந்து இல்லாத இடத்தில் மாறிய ஒட்டுண்ணி இளைத்துப்போகும். மலாவி நாடு 1993-இல் குளோரோகுயினைக் கைவிட்டது; பத்து ஆண்டு சொச்சத்தில் அங்கே மருந்துக்கு அடங்கும் ஃபால்சிபாரமே மீண்டும் பெருகிவிட்டது. இந்தியாவில் அப்படி நடக்காததற்கு எங்கள் கணிப்பில் முக்கியக் காரணம், வைவாக்ஸுக்காகக் குளோரோகுயின் இன்றும் புழக்கத்தில் இருப்பது. ஒரே ஊரில் இரண்டு இனமும் உலவும்போது, ஒன்றுக்குக் கொடுக்கும் மருந்து மற்றொன்றையும் தொட்டுக்கொண்டே இருக்கிறது.

எங்கள் ஊர்ப் பக்கம் சின்கோனா என்றே ஓர் இடம் உண்டு. அந்தக் காலக் கொய்னாவுக்கு எதிர்ப்பு வரவில்லையா?
— தோட்ட ஊழியர், வால்பாறை

வந்தது. சின்கோனா மரப்பட்டையிலிருந்து எடுக்கும் கொய்னாவுக்கு (குயினைன்) எதிர்ப்பு என்று 1910-லேயே பிரேசிலிலிருந்து தகவல் உண்டு. ஆனால் குளோரோகுயினைப்போல முழுதாக வீழ்ந்துவிடவில்லை. ஒரு காரணம், கொய்னா அரை நாளிலேயே பாதியாகக் குறைந்துவிடும். குளோரோகுயின் பாதியாக ஒரு மாதத்துக்கு மேலாகும். நீண்ட நாள் சிறுகச் சிறுகத் தங்கும் மருந்து, புதிதாக வரும் ஒட்டுண்ணியைக் கொல்லப் போதாத அளவில் சந்தித்து, தப்பிப்பவற்றைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கிறது. கொய்னாவின் தொந்தரவு வேறு: கிலோவுக்கு 10 மில்லிகிராம், நாளைக்கு மூன்று வேளை, ஏழு நாள். இரண்டாம் நாளே காதில் இரைச்சல் தொடங்கும், மூன்றாம் நாள் பலரும் நிறுத்திவிடுவார்கள்.

பனியன் கம்பெனிக்கு ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து வர்ற பசங்க சிலபேர் ஆர்ட்டீசுனேட் மட்டும் கேக்கறாங்க. ரெண்டு நாள்ல எந்திரிச்சு வேலைக்குப் போயிடறோம்ங்கறாங்க. குடுக்கலாமுங்களா?
— மருந்துக்கடைக்காரர், திருப்பூர்

கொடுக்காதீர்கள். ஆர்ட்டீசுனேட் போன்ற ஆர்ட்டெமிசினின் வகை மருந்தை வாய்வழி மாத்திரையாகத் தனியே விற்க இந்தியாவில் தடை உண்டு. தடையின் பின்னே ஒரு கணக்கு இருக்கிறது. ஃபால்சிபாரம் 48 மணி நேரத்துக்கு ஒரு சுற்று பெருகும். ஆர்ட்டெமிசினின் ஒரு சுற்றில் பத்தாயிரத்துக்கு ஒன்றை மட்டும் விட்டு மற்றவற்றைக் கொல்லும். மூன்று நாள் சாப்பிட்டால் இரண்டு சுற்று அடிபடும். மிகுதியாக இருப்பவரிடம் லட்சம் கோடி ஒட்டுண்ணி என்று வையுங்கள். மூன்று நாள் முடிந்தும் பத்தாயிரம் மிஞ்சும். காய்ச்சல் இருக்காது, வேலைக்குப் போவார், இரண்டு மூன்று வாரத்தில் திரும்பப் படுப்பார். உடம்பில் இந்த மருந்து சில மணி நேரத்துக்கு மேல் நிற்பதில்லை. அந்தப் பத்தாயிரத்தைத் தீர்க்கத்தான் நீண்ட நாள் தங்கும் துணை மருந்து.

எதிர்ப்பும் இந்த மருந்துக்கு வேறு விதம். ஆர்ட்டெமிசினினின் பெராக்சைடு பாலத்தை ஹீமின் இரும்பு உடைத்துவிடும்போதுதான் அது வீரியம் பெறுகிறது. கெல்ச்13 என்ற புரதம் ஒட்டுண்ணி ஹீமோகுளோபினை உள்ளிழுக்க உதவுவது. அது மாறினால் இளம் வளைய நிலையில் (ஒட்டுண்ணி சிவப்பணுவுக்குள் புகுந்த புதிதில் மோதிரம்போலத் தெரியும் பருவம்) சாப்பாடு குறையும், ஹீம் குறையும், மருந்தைத் தூண்ட ஆளில்லை. பட்டினி கிடந்து தப்பிக்கிறது. கம்போடியாவில் முதலில் உறுதியானது 580-ஆம் இடத்து மாற்றம். பின்னர் ருவாண்டாவிலும் உகாண்டாவிலும் வேறு இடங்களில் மாற்றங்கள் தனியாகவே தோன்றின.

ஒடிசா, ஜார்க்கண்ட் போய் வந்தவருக்குக் காய்ச்சல் என்றால் முதலில் இரத்தப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். ஃபால்சிபாரம் என்று வந்தால், நாட்டின் பெரும்பகுதிக்கு 2013-இல் வகுத்த முறை மூன்று நாள் ஆர்ட்டீசுனேட்டோடு முதல் நாள் சல்ஃபாடாக்சின்-பைரிமெத்தமின், கூடவே பிரைமாகுயின் ஒரே ஒரு வேளை. வடகிழக்கில் அந்தத் துணை மருந்து தோற்றதால், அங்கே ஆர்ட்டிமெத்தர்-லுமிஃபான்ட்ரின். அஸ்ஸாம் லோடு போய் வந்த லாரிக்காரர் என்றால் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். லுமிஃபான்ட்ரின் கொழுப்போடுதான் நன்றாக உறிஞ்சப்படும். 35 கிலோவுக்கு மேற்பட்டவருக்கு, ஆர்ட்டிமெத்தர் 20 மில்லிகிராமும் லுமிஃபான்ட்ரின் 120 மில்லிகிராமும் சேர்ந்த மாத்திரை ஒரு வேளைக்கு நான்கு, மூன்று நாளில் ஆறு வேளை. முதல் வேளைக்கும் இரண்டாவதுக்கும் இடையே 8 மணி நேரம். ஒவ்வொரு வேளையும் ஒரு டம்ளர் பாலோ, எண்ணெய் சேர்ந்த சாப்பாடோ வேண்டும். வெறும் கஞ்சியோடு போட்டுவிட்டு மருந்து கேட்கவில்லை என்று வருபவர்களும் உண்டு.

ஆய்வகத்தில் எதிர்ப்பை எப்படி அளக்கிறார்கள்? ஆய்வுக்குச் சேர இருக்கிறேன். எங்கே தவறு நேரும் என்றும் சொல்லுங்கள்.
— ஆய்வு மாணவர், சேலம்

முதலில் வளர்க்கத் தெரிய வேண்டும். 1976-இல் ட்ரேகரும் ஜென்சனும் காட்டிய முறைதான் இன்றும் அடிப்படை. ஆர்பிஎம்ஐ 1640 ஊடகம், ஹெப்பிஸ் 25 மில்லிமோலார், சோடியம் பைகார்பனேட் 0.2 சதவீதம், ஆல்புமேக்ஸ் 0.5 சதவீதம், ஹைப்போசாந்தின், கொஞ்சம் ஜென்டாமைசின். டிஎன்ஏவுக்கு வேண்டிய பியூரினைத் தானே செய்துகொள்ள ஒட்டுண்ணிக்குத் தெரியாது. ஹைப்போசாந்தினை மறந்தால் வளர்ச்சி படுத்துவிடும். ஓ பாசிட்டிவ் சிவப்பணுக்கள் 2 முதல் 5 சதவீதம், 37 டிகிரி, ஆக்சிஜன் 5, கார்பன் டை ஆக்சைடு 5, மீதி நைட்ரஜன். வாயு உருளை இல்லாத இடத்தில், மூடிய ஜாடிக்குள் மெழுகுவத்தி எரித்து அணையவிட்டால் போதும். ஊடகத்தைத் தினமும் மாற்ற வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை விட்டால் திங்கட்கிழமை சிவப்பு மஞ்சளாகியிருக்கும்: லாக்டிக் அமிலம். ஸ்லைடு போட்டால் வளையங்களுக்குப் பதில் சுருங்கிய கரும்புள்ளிகள். அந்தக் குப்பியை வைத்துச் சோதனை செய்யாதீர்கள்.

அடுத்தது ஒரே வயதாக்குவது. 5 சதவீத சார்பிட்டாலில் 37 டிகிரியில் பத்து நிமிடம். முதிர்ந்த ஒட்டுண்ணியுள்ள சிவப்பணு சார்பிட்டாலை உள்ளே விட்டு நீரேறி வெடிக்கும். வளைய நிலை மட்டும் மிஞ்சும். பிறகு 96 குழித் தட்டில் மருந்தை இரண்டிரண்டாக நீர்த்து, ஒட்டுண்ணி 0.5 சதவீதம், சிவப்பணு 2 சதவீதம் என்று விட்டு 72 மணி நேரம் வைத்து, சைபர் கிரீன் சாயம் சேர்த்து டிஎன்ஏ ஒளிர்வை அளக்கிறார்கள். சிவப்பணுவுக்கு டிஎன்ஏ கிடையாது என்பதால் ஒளிர்வது ஒட்டுண்ணியுடையது. வளர்ச்சியைப் பாதியாக்கும் குளோரோகுயின் அளவு, அடங்கும் 3டி7 வகைக்கு 10 முதல் 20 நானோமோலார். அடங்காத டிடி2-வுக்கு 100-க்கு மேல். இந்த இரண்டையும் ஒவ்வொரு தட்டிலும் வைத்தால்தான் மூன்றாவதாக வைக்கும் உங்கள் மாதிரியின் எண்ணுக்கு மதிப்பு.

தவறுகள்: நோயாளியின் புது இரத்தத்தில் வெள்ளணுவை நீக்காமல் விட்டால் அதன் டிஎன்ஏவும் ஒளிரும். தொடக்கத்தில் ஒட்டுண்ணி 2, 3 சதவீதம் என்று போட்டால் மருந்தில்லாத குழியே பசியில் சுருங்கி, எல்லாக் குழியும் ஒன்றுபோலத் தெரியும். தட்டின் ஓரக் குழிகள் வற்றும். அவற்றில் வெறும் ஊடகம் ஊற்றிவிடுங்கள். பலரும் கவனிக்காதது ஒன்று: சாதாரண ஆர்பிஎம்ஐயில் ஃபோலிக் அமிலமும் பாரா அமினோ பென்சாயிக் அமிலமும் தாராளம். சல்ஃபா, பைரிமெத்தமின் இரண்டும் ஒட்டுண்ணியின் ஃபோலேட் பாதையை அடைப்பவை. ஊடகமே அதைக் கொட்டிக் கொடுத்தால் எல்லா ஒட்டுண்ணியும் எதிர்ப்புள்ளதாகவே தெரியும். அவற்றுக்குத் தனி ஊடகம் வேண்டும்.

ஆர்ட்டெமிசினினுக்கு 72 மணிச் சோதனை உதவாது. எதிர்ப்பு முதல் சில மணி நேர வளையத்தில் மட்டும் இருப்பதால் சராசரியில் மறைந்துவிடும். பிறந்து 0 முதல் 3 மணி நேரமான வளையங்களை 700 நானோமோலார் டைஹைட்ரோஆர்ட்டெமிசினினில் ஆறு மணி நேரம் வைத்து, கழுவி, இன்னும் 66 மணி நேரம் வளர்த்து, மருந்து போடாத கட்டுப்பாட்டோடு ஒப்பிட வேண்டும். 1 சதவீதமோ அதற்கு மேலோ பிழைத்தால் எதிர்ப்பு. இந்த மருந்தின் கரைசல் ஊடகத்தில் சில மணி நேரத்தில் சிதையும். நேற்றுக் கலக்கியதை இன்று பயன்படுத்தினால் எல்லாமே எதிர்ப்பாகிவிடும். வைவாக்ஸில் இதையெல்லாம் செய்ய ஆசைப்படாதீர்கள். அது முதிராத சிவப்பணுவில் மட்டும் புகுவதால் தொடர்ந்து வளர்க்க முடிவதில்லை.

மஞ்சளுக்கு மலேரியாவைக் கொல்லும் சக்தி இருக்குன்னு பெங்களூருல கண்டுபிடிச்சாங்களாமே. எங்க மார்க்கெட்டுல பேச்சா இருக்குதுங்க.
— மஞ்சள் வியாபாரி, ஈரோடு

பேச்சுக்கு அடிப்படை உண்டு. இந்திய அறிவியல் கழகத்தின் உயிர்வேதியியலாளர் கோ. பத்மநாபன் குழுவினர், மஞ்சளிலுள்ள குர்குமின் குப்பியில் ஒட்டுண்ணியை அடக்குவதையும், ஆர்ட்டெமிசினின் வகையான ஆர்ட்டீத்தர் ஊசியோடு வாய்வழி குர்குமின் கொடுத்த எலிகள் பிழைத்ததையும் காட்டினார்கள். எலிகள் என்பதையும், ஆர்ட்டீத்தரோடு என்பதையும் சேர்த்தே படியுங்கள். நல்ல மஞ்சளில் குர்குமின் 3 சதவீதம் என்றால் 3 கிராம் தூளில் 90 மில்லிகிராம். அதிலும் பெரும்பகுதி குடலிலும் கல்லீரலிலும் மாறி வெளியேறிவிடும். மிளகு சேர்த்தால் உறிஞ்சுவது கூடும், ஆனால் மிளகு மற்ற மருந்துகள் உடம்பில் சிதையும் வேகத்தையும் மாற்றக்கூடியது. மஞ்சள்பால் குடித்துக்கொண்டு ஃபால்சிபாரத்தை இரண்டு நாள் தள்ளிப்போட்டால் மூளைக்குப் போய்விடும். சமையலுக்கும் சந்தைக்கும் மஞ்சள், மலேரியாவுக்கு மருத்துவர் எழுதிய மாத்திரை.

அதே குழு 1992-லேயே, ஒட்டுண்ணி ஹீமைத் தானாகவும் செய்துகொள்கிறது என்று காட்டியது. பின்னாளில், அந்த மரபணுக்களை நீக்கிப் பார்த்தபோது இரத்தத்தில் அது பிழைத்தது, கொசுவிலும் கல்லீரலிலும் வளர முடியவில்லை. மஞ்சளைவிட இதைத்தான் நாங்கள் பெரிதாக நினைக்கிறோம்.

மருந்து முடித்து இரண்டு வாரம் ஆனவருக்கும் அட்டைச் சோதனையில் ஃபால்சிபாரம் கோடு விழுகிறது. எதிர்ப்பு என்று எழுதலாமா?
— ஆய்வக நுட்பர், நாமக்கல்

எழுத வேண்டாம். அந்தக் கோடு ஹெச்ஆர்பி2 என்ற புரதத்துக்கானது. ஒட்டுண்ணி செத்த பிறகும் வாரக்கணக்கில் இரத்தத்தில் தங்கும். தடித்த பூச்சு ஸ்லைடு போட்டு, பிஹெச் 7.2 நீரில் கலந்த ஜீம்சாவில் சாயமிட்டுப் பாருங்கள். பிறை வடிவ இனப்பெருக்க நிலைகள் மட்டும் தெரிந்தால் அதுவும் தோல்வி அல்ல. அவை சில வாரம் சுற்றிக்கொண்டிருக்கும். வளையங்கள் தெரிந்தால்தான் விஷயம். மருந்து தொடங்கி மூன்றாம் நாளும் வளையம் இருந்தால் ஆர்ட்டெமிசினின் மெதுவாக வேலை செய்கிறது என்று குறித்து வையுங்கள்.

பழைய தொற்றா, புதுக் கடியா என்று பிரிக்க முதல் நாள் இரத்தமும் திரும்பிய நாள் இரத்தமும் இரண்டும் வேண்டும். விரல் குத்தி, வடிதாளில் மூன்று சொட்டு, ஒன்றோடொன்று சேராமல். வெயிலில் காட்டாமல் நிழலில் மூன்று நான்கு மணி நேரம் காயவிட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு தனித்தனிப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, தேதியைப் பென்சிலில் எழுதுங்கள். மை ஆல்கஹால் பட்டால் கலைந்துவிடும். ஒட்டுண்ணிக்கு ஒட்டுண்ணி வேறுபடும் எம்எஸ்பி1, எம்எஸ்பி2 மரபணுக்களின் நீளம் இரண்டு நாளிலும் ஒத்துப்போனால் பழையதே பிழைத்திருக்கிறது. முதல் நாள் தாளை எடுக்காமல் விட்டுவிட்டு, இரண்டாவதை மட்டும் அனுப்பிப் பயனில்லை.